ஹார்வர்டு சொன்னதும் சொல்லாததும்

"உறவுகள்தான் ஆயுளைக் கூட்டும், ஹார்வர்டே சொல்லிவிட்டது!" புகுந்த வீட்டில் நிம்மதியில்லை என்று திரும்பி வரும் பெண்ணுக்கு முன்பெல்லாம் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இப்போது அமெரிக்கப் பல்கலைக்கழகத்தையும் துணைக்குக் கூப்பிடுகிறார்கள்.

அந்த ஆய்வைப் படித்துவிட்டாவது கூப்பிடலாம்.

1938-ல் தொடங்கியது அது. ஹார்வர்டு மாணவர்கள் 268 பேர். பாஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த சிறுவர்கள் 456 பேர். மாணவர்கள் மீதான ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் டபிள்யூ.டி.கிராண்ட், ஊர் ஊராகக் கிளைக் கடைகள் நடத்திய வியாபாரி. நல்ல கடை மேனேஜர்களை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் அவர் கவலையாம். முதல் போட்டது ஒன்றுக்கு, கைக்கு வந்த சரக்கு வேறு!

ரத்தப் பரிசோதனை, மருத்துவப் பதிவுகள், வீடு தேடிப் போய்ப் பேட்டி என்று பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். 80 வயதில் யார் ஆரோக்கியமாக இருப்பார் என்பதை, 50 வயதில் இருந்த கொலஸ்ட்ரால் அளவைவிட அந்த வயதில் அவர் தன் உறவுகளில் எவ்வளவு நிறைவாக இருந்தார் என்பதே நன்றாகக் காட்டியது.

"நிறைவாக" என்ற இந்தச் சொல்லைத்தான் நம்மவர்கள் வசதியாக விழுங்கிவிடுகிறார்கள். பாசமில்லாமல் ஓயாத சண்டையோடு ஓடும் மணவாழ்க்கை உடம்புக்குக் கெடுதல், விவாகரத்தைவிடவும் மோசமாக இருக்கலாம் என்று ஆய்வின் இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர் 2015-ல் டெட் மேடையிலேயே சொன்னார். கல்யாணத்துக்குள்ளும் தனிமை உண்டு என்றார். அதெல்லாம் வாட்ஸப் ஃபார்வர்டில் ஏறுவதேயில்லை. சண்டையே போடக்கூடாது என்றும் ஆய்வு சொல்லவில்லை. தினமும் முட்டிக்கொண்டாலும், ஒரு கஷ்டமென்றால் இவர் நிற்பார் என்று நம்பிய கிழவர்களின் ஞாபகசக்திக்குச் சண்டையால் சேதமில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த 724 பேரும் ஆண்கள்! அவர்கள் மனைவிகளையும் ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டது 2000-களில்தான். "இப்போதாவது கேட்டீர்களே" என்கிற தொனியில் பலர் பதில் சொன்னார்களாம். சொல்ல மாட்டார்களா என்ன? அந்த ஆண்களின் 'நிறைவான உறவு'க்காக யார் சமைத்தார்கள், யார் சொந்தபந்தங்களை விட்டுப்போகாமல் விசாரித்தார்கள்? எந்தப் பேரேட்டிலும் ஏறாத உழைப்பு அது. ஆண்களை வைத்துப் போட்ட கணக்கைக் காட்டி ஒரு பெண்ணைப் பொறுத்துப் போகச் சொல்வது என்ன நியாயம்?

ஹார்வர்டை மேற்கோள் காட்டி மகளைத் திருப்பி அனுப்பும் அப்பாக்கள் அவளிடம் ஒன்று கேட்கட்டும். "நடுராத்திரியில் உடம்புக்கு முடியவில்லை, பயமாக இருக்கிறது என்றால் யாரைக் கூப்பிடுவாய்?" ஆய்வில் இருந்தவர்களிடமும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள்.