மூணாவதுதானே!

எனக்கு இது ஏழாவது மாதம். ஒருத்தி இடுப்பில், இன்னொருவன் முந்தானையைப் பிடித்தபடி. "மூணாவதுதானே, உனக்குப் பழகியிருக்கும்" என்கிறார் மாமியார்.

சட்டமும் அதையேதான் சொல்கிறது. 2017இலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு. மூன்றாவதற்கு 12 வாரம். தையல் ஆறுவதற்கும் பால் கட்டி வலிப்பதற்கும் இது எத்தனையாவது பிரசவம் என்று தெரியுமா?

தனியார் வேலையிலிருக்கும் என் கணவருக்குச் சட்டம் ஒருநாள்கூடத் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆண்களுக்கும் உண்டு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவர். மூன்றுக்கும் அப்பா அவர்தான். கணக்கு மட்டும் என் தலையில்.

இதற்குப் பெயர் மக்கள்தொகைக் கொள்கை அல்ல, தண்டனை. பாதி விடுப்பு போதுமென்று எழுதியவர்கள், பதின்மூன்றாவது வாரம் இந்தப் பிள்ளையை யார் தூக்குவது என்றும் எழுதட்டும்.