புஸ் மாத்தப் போறீங்களோ? கொஞ்சம் பொறுங்கோ!

பலெர்மோவில் எங்கடை சனம் வைத்திருக்கிற கார்களைப் பார்த்தால் புந்தோ, பண்டா, பழைய கோர்சா என்றுதான் இருக்கும். வீட்டுவேலைக்கும் துப்பரவு வேலைக்கும் போய்வருகிற எங்களுக்குப் புதுக்கார் கட்டுபடியாகாது. இது எங்கடை கதை மட்டுமில்லை. இத்தாலி முழுக்க ஓடுகிற கார்களின் சராசரி வயதே 12 வருசத்தைத் தாண்டிவிட்டது. அந்த வயதுக் காருக்கு எப்படியும் ஒருநாள் வருகிற வருத்தம்தான் சஸ்பென்சன் புஸ் தேய்வது.

எந்தப் புஸ் போடுறது எண்டு விசாரித்தால் எங்கடை ஆக்களிடம் மூன்று பதில் கிடைக்கும். "இருக்கிறதுக்குள்ளை மலிவானதைப் போடு, காணும்." "பொலியூரித்தேன் போடு, பிறகு ஆயுசுக்கும் பார்க்கத் தேவையில்லை." "உந்தக் காருக்குக் காசு செலவழிக்கிறதோ? ஓடுமட்டும் ஓடட்டும்." மூன்றுமே பிழை என்பதுதான் என்ரை கருத்து. ஊரில் மாமாவின் கராச்சிலும், இங்கே வந்த பிறகு சனிக்கிழமைகளில் ஒரு சிசிலிக்காரரின் கராச்சிலும் கை கறுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் புஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக நாலு வரி. முன்சில்லு ஒவ்வொன்றையும் காரின் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கிற ஒரு இரும்புக் கை கீழே இருக்கும். இங்கத்தை மெக்கானிக்மார் அதை பிராச்செத்தோ என்பார்கள். அந்தக் கை சட்டத்தோடு சேருகிற இடத்தில் இரும்பும் இரும்பும் முட்டாமல் நடுவில் ஒரு றப்பர் இருக்கும். வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு இரும்புக் குழாய், இரண்டோடும் ஒட்டிப்பிடித்தபடி றப்பர். அதுதான் புஸ். இத்தாலிக்காரன் சைலன்ட்புளொக் என்பான். பெயரிலேயே வேலை இருக்கிறது, சத்தத்தை அடக்குவது. ஆனால் அதைவிடப் பெரிய வேலை, சில்லு மேலே கீழே போய்வர விட்டுக்கொடுத்து, முன்னே பின்னே ஓடவிடாமல் பிடித்து வைப்பது. இந்த றப்பர் கிழிந்தால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும், கிடங்கில் விழும்போது "டொக்" எண்டு கேட்கும், ரயர் ஒருபக்கமாகத் தேயும். நேர்றோட்டில்கூட ஸ்ரேறிங்கைச் சும்மா சும்மா திருத்திக்கொண்டிருக்க வேண்டிவரும்.

பலெர்மோவில் இது மற்ற ஊர்களைவிடக் கெதியாக வரும். பழைய நகரத்துத் தெருக்களில் கல்லுப் பாளங்கள் பதித்திருக்கிறார்கள். அரபுக்காரர் இந்தத் தீவை ஆண்ட காலத்துச் சொல்லால் அதை இன்றைக்கும் பலாத்தே என்றே சொல்வார்கள். பாளத்துக்குப் பாளம் உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கும். அதில் மெதுவாக ஓடினாலும் ஒவ்வொரு இடைவெளியும் புஸ்ஸுக்கு ஒரு குட்டு. அதை விட்டு வியாலே ரெஜியோனேக்கு ஏறினால் வேகமும் கிடங்கும் சேர்ந்து வரும். கோடையில் ஆபிரிக்காவிலிருந்து ஷிரொக்கோ காற்று வீசுகிற நாட்களில் தார் இளகுகிற வெக்கை. றப்பருக்கு வெக்கையும் ஆகாது, கசிகிற எண்ணெயும் ஆகாது. இவ்வளவும் போதாதென்று சாந்தா றொசாலியா மாதாவிடம் போகிறோம் என்று ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பெலகிரீனோ மலையில் வளைந்து வளைந்து ஏறி, பிறகு பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்குகிறோம். சைவக்காரர், வேதக்காரர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லாரும் போகிற இடம். கிழிந்த புஸ்ஸோடு போகக்கூடாத இடமும் அதுதான்.

சரி, பொலியூரித்தேனுக்கு வருவம். லண்டனில் இருக்கிற மச்சான்மார் சொல்லித்தான் இந்த ஆசை இங்கே வந்தது. பவர்ஃபிளெக்ஸ் போன்ற நல்ல கொம்பனிகள் செய்கின்றன. சாமான் தரமானது, அதில் குறை சொல்ல மாட்டேன். றப்பரைவிட இறுக்கம், எண்ணெய் பட்டாலும் கெடாது, வளைவில் கார் அசையாமல் நிற்கும். ஆனால் அதன் வேலை செய்கிற விதமே வேறு. றப்பர் புஸ்ஸில் றப்பர் இரண்டு குழாயோடும் ஒட்டியிருப்பதால், கை அசையும்போது றப்பர் முறுகித் திரும்பிப் பழையபடி வரும். உரசல் இல்லை. பொலியூரித்தேன் முறுகாது, உள்ளேயிருக்கிற குழாயைச் சுற்றி வழுக்கும். வழுக்குவதற்குக் கிறீஸ் வேணும். கிறீஸ் காய்ந்து தூசி போனால் கீச்சுக் கீச்செண்டு கத்தும். அதைவிட முக்கியம், றப்பர் விழுங்கிக்கொண்டிருந்த அதிர்ச்சி இப்போது சட்டத்துக்கும் ஸ்ரேறிங்குக்கும் உங்கள் முதுகுக்கும் போகும்.

பலெர்மோவுக்குக் கிழக்கே மதோனியே மலைகளில் 1906இல் தொடங்கி 1977 வரை தர்கா புளோரியோ என்ற பெரிய ஓட்டப்பந்தயம் நடந்தது. இந்த ஊர்ப் பெடியளுக்குக் காரை இறுக்குகிற ஆசை அந்த மண்ணில் இருந்தே வருவது. பந்தயம் ஓடுகிறவனுக்கு ஒரு மயிரிழை அசைவும் நட்டம், அவன் இறுக்கட்டும். விடிய ஐந்து மணிக்கு மொந்தெல்லோவில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போகிறவனுக்கு என்ன பந்தயம்? இருபது வருசப் பழைய சட்டத்துக்கு இறுக்கமான புஸ் போட்டால் அடி வேறெங்கோ போய்ச் சேரும். புஸ் கிழிந்தால் புஸ்ஸை மாத்தலாம், அதைப் பிடித்திருக்கிற சட்டம் வெடித்தால் காரையே மாத்தவேணும்.

ஆகவே றப்பர்தான். ஆனால் எந்த றப்பர்? இதில்தான் எங்கடை ஆக்கள் ஏமாறுகிறோம். கடையில் இரண்டு பெட்டியை வைப்பார்கள். ஒன்று மற்றதின் பாதி விலை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், கறுப்பு றப்பர், மினுங்கும் இரும்பு. வித்தியாசம் றப்பரின் கலவையிலும் அது இரும்போடு ஒட்டியிருக்கிற விதத்திலும் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, ஒரு வருசத்தில் காதுக்குக் கேட்கும். லெம்ஃபோர்டர், டிஆர்டபிள்யூ, கோர்தேக்கோ, மைலே என்று கார்க் கொம்பனிகளுக்கே சாமான் கொடுக்கிற அல்லது உதிரிப்பாகத்தில் நெடுநாள் பெயருள்ள கொம்பனிகள் இருக்கின்றன. அதில் ஒன்றை வாங்குங்கள். பெட்டியில் செய்தவன் பெயரே இல்லாத சாமானை வாங்காதீர்கள். பழைய கார் உடைக்கிற இடத்தில் கழட்டிய கையையும் வாங்காதீர்கள். கதவு, கண்ணாடி வாங்கலாம். றப்பர் ஓடாமல் கிடந்தாலும் வயதுபோகும், அங்கே கிடக்கிறதும் உங்கள் காரின் வயதுதான்.

றப்பர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த றப்பர் கன்றுகளைக் கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். ஆசியாவின் றப்பர் தோட்டங்களுக்கு அதுவும் ஒரு தொடக்கம். பிறகு களுத்துறையிலும் கேகாலையிலும் விடியப்புறத்தில் எழும்பிப் பால் வெட்டியவர்களில் எத்தனையோ பேர் தமிழ்ச் சனம். இந்தக் கறுப்புத் துண்டை இரண்டு யூரோ மிச்சம் பிடிக்கிற சாமானாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்த கேள்வி, புஸ்ஸை மட்டும் மாத்துவதா, கையை முழுதாக மாத்துவதா? சின்னக் கார்களில் முழுக்கையாகவே போடுங்கள் என்பேன். பழைய புஸ்ஸைப் பிறஸ்ஸில் வைத்துத் தள்ளி எடுத்துப் புதுசை ஏற்ற நேரம் போகும், அந்த நேரத்துக்கும் காசு. புதுக்கையில் இரண்டு புஸ்ஸும் நுனியில் இருக்கிற போல் ஜொயின்ரும் புதிதாகவே வரும். புந்தோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி, சாமான் தாராளம். பலெர்மோவுக்குப் பக்கத்தில் தெர்மினி இமெரேசேயில் 1970இல் திறந்து 2011 முடிவில் மூடின ஃபியாட் தொழிற்சாலையில் செய்த கார் அது. எங்கள் கார்களில் சில அங்கே பிறந்தவையாகவும் இருக்கலாம். பெரிய கார்களில் கை விலை கூட, கை அலுமினியமாகவும் இருக்கும். அங்கே புஸ்ஸை மட்டும் மாத்துவது நியாயம். எதுவானாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்கள். ஒரு பக்கம் புதுசு, மற்றப்பக்கம் பழசு என்றால் கார் நொண்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பதிவை எழுதியதற்கே காரணம். நல்ல புஸ்ஸை வாங்கியும் ஆறு மாதத்தில் கிழிந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பல தடவை சாமானில் பிழை இல்லை, பூட்டினதில் பிழை. காரைத் தூக்கி வைத்திருக்கும்போது சில்லு கீழே தொங்கும். அந்த நிலையிலேயே நடுப்போல்டை இறுக்கினால், காரை இறக்கும்போது கை மேலே வரும், றப்பர் முறுகும், முறுகினபடியே நிற்கும். கார் சும்மா நிற்கும்போதும் அதற்கு ஓய்வு இல்லை. போல்டைத் தளர்வாகப் பூட்டி, காரின் பாரம் சில்லில் இறங்கின பிறகு, அல்லது கைக்குக் கீழே ஜக் கொடுத்து அந்த உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்கவேணும். பதினைந்து நிமிச வேலை. அவசரக்காரர் செய்யமாட்டார்கள். இன்னும் இரண்டு விசயம். றப்பரில் ஓட்டை விட்டுச் செய்த புஸ் என்றால் அந்த ஓட்டை பழையது எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கமே பார்க்கவேணும். ஏற்றுவதற்குச் சவர்க்காரத் தண்ணி போதும், எஞ்சின் எண்ணெய் பூசக்கூடாது. எல்லாம் முடிந்ததும் சில்லுகளின் நேரைச் சரிபார்க்க வேணும், இங்கே கொன்வெர்ஜென்சா என்பது. அதை விட்டால் புது ரயர் வாங்குகிற காசு அதைவிடக் கூட.

"யாழ்ப்பாணத்திலை ரயரை வெட்டிப் போட்டு ஓடினனாங்கள்தானே?" என்று கேட்பீர்கள். ஓடினோம். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. மொறிஸ் மைனரும் ஏ40யும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் ஆக்க மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல். மாமா பழைய லொறி ரயரை வட்டமாக வெட்டித் துளைத்துப் புஸ் செய்வார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அந்தக் கைகளுக்கு முன்னால் இன்றைக்கும் தலை குனிவேன். ஆனால் மாமா அதை நல்ல புஸ் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "சாமான் வந்தோடனை மாத்தவேணும்" என்றுதான் சொல்வார். வேறு வழியில்லாமல் செய்ததை வழக்கமாக்கிக்கொண்டது நாங்கள்தான்.

எனக்கு விளங்கின மட்டில் இது காசுப் பிரச்சினை மட்டுமில்லை. "கொஞ்ச நாளைக்குத்தானே, பிறகு லண்டன் போயிடுவம்" என்றபடியே இருபது, இருபத்தைந்து வருசம் இங்கே இருந்துவிட்டோம். இத்தாலிப் பாஸ்போட் கிடைத்துப் போனவர்கள் போனார்கள். பிரெக்சிற்றுக்குப் பிறகு அந்த வழியும் முன்னைப்போல் இல்லை. இருக்கிறவர்களின் பிள்ளைகள் இங்கே படித்து, சிசிலிப் பாசை கதைத்து வளர்ந்துவிட்டார்கள். நாங்கள் மட்டும் இன்னும் நாளைக்கு வெளிக்கிடுகிற ஆக்கள்போல, கூரை ஒழுகினால் வாளி வைக்கிறோம், புஸ் கிழிந்தால் றேடியோவைக் கூட்டி வைக்கிறோம். அந்தப் பின்சீற்றில் இருப்பது எங்கள் பிள்ளைகள்.

எல்லாப் பழைய காருக்கும் செலவழியுங்கள் என்று சொல்லவில்லை. முதலில் கீழே படுத்துப் பாருங்கள். கை பூட்டுகிற இடத்துச் சட்டம் கறள் பிடித்து உதிர்கிறதென்றால் ஒரு காசும் போடாமல் காரை விட்டுவிடுங்கள். சட்டம் நல்லதென்றால் இரண்டு வருசத்துக்கொருக்கா வருகிற ரெவிசியோனே வரை காத்திருக்காதீர்கள். திறப்பைக் கொடுப்பதற்கு முன் மெக்கானிக்கிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கொம்பனிச் சாமான்? இரண்டு பக்கமும் மாத்துவீங்களோ? கடைசி இறுக்கு, கார் சில்லில் நிற்கும்போதோ? மூன்றாவது கேள்விக்குச் சிரிக்கிறவரிடம் காரை விடாதீர்கள்.