எந்த ஊருக்குப் போகலாம், அக்கா?



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை இரண்டு முறை படித்தேன். பேராக் மாநிலத்துச் சகோதரி ஒருவர் எழுதியது. ஒரே தோட்டத் தமிழ்ப்பள்ளியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த ஐந்து தோழிகள். தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஒருவர் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒருவர் தாதி, இருவர் தொழிற்சாலையில் வேலை. ஐந்தாமவர் மட்டும் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இன்னமும் உதிர்ந்த பழம் பொறுக்குகிறார்.

பிள்ளைகள் எல்லாம் கரையேறிவிட்டார்கள். “ஒரு தடவையாவது ஐந்து பேரும் சேர்ந்து ஐரோப்பாவைப் பார்த்துவிட வேண்டும், அடுத்த கோடையில் ஒரு வாரம், ஒரே ஊர். எந்த ஊர் என்பதில்தான் சண்டை. ஒருத்தி பாரிஸ் என்கிறாள், ஒருத்தி ரோமாபுரி என்கிறாள், ஒருத்தி லண்டன், நான் வியன்னா. இன்னொருத்தி, ‘நீங்கள் எங்கே போனாலும் எனக்குச் சம்மதம்’ என்கிறாள். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் அக்கா” என்று முடித்திருக்கிறார்.

தீர்ப்புச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் நான்கு ஊர்களைப் பற்றி யோசிப்பதற்கு முன், “எங்கே போனாலும் சம்மதம்” என்ற அந்த ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது.

காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நாங்கள் சில தோழிகள் பஸ் எடுத்துக்கொண்டு கேமரன் மலைக்குப் போனோம். பகல் சாப்பாட்டுக்குக் கடையில் இறங்கியபோது ஒருத்தி மட்டும், “தலைவலி, நான் பஸ்ஸிலேயே இருக்கிறேன்” என்றாள். நாங்களும் “சரி, படுத்துக்கொள்” என்று சொல்லிவிட்டுப் போய் நன்றாகச் சாப்பிட்டோம். திரும்பி வந்தபோது அவள் மடியில் வாழை இலைப் பொட்டலம். வீட்டிலிருந்து கொண்டு வந்த அவித்த மரவள்ளிக்கிழங்கை அவசர அவசரமாக மடித்து மறைத்தாள். பஸ் கூலி கொடுத்ததோடு அவள் கையிருப்பு தீர்ந்துவிட்டது. எங்களில் ஒருத்திகூட அவளைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எங்களோடு எந்தப் பயணத்துக்கும் வந்ததில்லை. அந்தக் குற்றம் இன்றும் என் மனத்தில் உறுத்துகிறது.

ஆகவே என் முதல் யோசனை இதுதான். ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் பணத்தைப் பேசுங்கள். அதையும் வாயால் பேசாதீர்கள். ஐந்து பேரும் ஒரே மாதிரி ஐந்து துண்டுக் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். விமான டிக்கெட் உட்பட, கடன் வாங்காமல், நகையை அடகு வைக்காமல் தன்னால் எத்தனை வெள்ளி போட முடியும் என்பதை ஒவ்வொருவரும் எண்ணில் மட்டும் எழுதுங்கள். பெயர் வேண்டாம். மடித்து ஒரு டப்பாவில் போட்டு, மகளையோ மருமகளையோ பிரிக்கச் சொல்லுங்கள். ஐந்தில் எது குறைந்த தொகையோ அதுதான் எல்லாருடைய கணக்கும். யார் எழுதியது என்று கேட்கக் கூடாது. அந்தத் தொகைக்குள் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஊர் எதுவோ, அதுவே உங்கள் ஊர்.

இனி ஊர்களைப் பார்ப்போம். பாரிஸ் அழகான நகரம், மறுக்கவில்லை. லா ஷப்பல் பக்கம் ஈழத் தமிழர் கடைகளில் தோசையும் கிடைக்கும். ஆனால் புகழ்பெற்ற லூவர் அருங்காட்சியகத்தில் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 32 யூரோ. கணக்குக்கு ஒரு யூரோவை ஐந்து வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 160 வெள்ளி. தங்கும் விடுதிகளும் அதற்கேற்ற விலைதான். லண்டனில் கோயில் உண்டு, நம்மவர்கள் உண்டு. பவுண்டின் விலையைக் கேட்டால்தான் மயக்கம் வரும். 2025 ஜனவரியிலிருந்து மலேசியர்கள் அங்கே போக, கட்டணம் கட்டி முன் அனுமதியும் வாங்க வேண்டும். ரோமாபுரியில் தெருவுக்குத் தெரு குடிநீர்க் குழாய்கள் இலவசமாக ஓடுகின்றன. ஆனால் ஜூலை, ஆகஸ்டு வெயில் நம் ஊர் வெயிலுக்குச் சளைத்ததல்ல. நிழல் குறைந்த இடிபாடுகளுக்கிடையே நடக்க வேண்டும். வியன்னாவுக்கு ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர் 1873-லிருந்து குழாயில் வருகிறது; ஷோன்பிருன் அரண்மனைத் தோட்டத்தில் காசில்லாமல் உலாவலாம். கடிதம் எழுதிய சகோதரி கோபிக்க வேண்டாம்: அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், புகழ்பெற்ற அரசு இசை நாடக அரங்கமும் ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை.

உங்கள் பட்டியலில் இல்லாத ஓர் ஊரை நான் சொல்கிறேன். போர்த்துகல் நாட்டின் தலைநகரம் லிஸ்பன்.

ஏன் லிஸ்பன்? பள்ளிச் சுற்றுலாவில் மலாக்காவுக்குப் போயிருப்பீர்கள். அங்கே அருங்காட்சியகமாக நிற்கும் பெரிய மரக்கப்பல் நினைவிருக்கிறதா? ஃப்ளோர் டி லா மார் என்ற கப்பலின் மாதிரி அது. அசல் கப்பல் 1502-ல் லிஸ்பனில் கட்டப்பட்டது. 1511-ல் அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்து, கொள்ளையடித்த பொருளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது சுமத்ராக் கடலில் மூழ்கியது. கப்பல்கள் புறப்பட்ட அந்த ஆற்றங்கரையை, பெலெம் என்ற பகுதியில், நீங்கள் போய்ப் பார்க்கலாம். அங்கே 1501-ல் கட்டத் தொடங்கிய ஜெரோனிமோஸ் மடம் இருக்கிறது. கல்லில் கயிறும் பவளமும் செதுக்கிய வேலைப்பாடு. அந்தக் கட்டடத்துக்குச் செலவான பணம் கிழக்கிலிருந்து போன மிளகிலும் வாசனைப் பொருளிலும் விதித்த வரியிலிருந்து வந்தது. யாரோ வியர்வை சிந்தி விளைத்ததில் யாரோ மாளிகை கட்டிய கதை நமக்குப் புதிதா? அழகை ரசியுங்கள், விலையையும் நினைத்துக்கொள்ளுங்கள். மடம் திங்கட்கிழமை திறப்பதில்லை.

இன்னொரு செய்தி உங்களுக்கு மகிழ்ச்சி தரும். தமிழ் மொழியில் அச்சான முதல் நூல் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அச்சானதல்ல. 1554-ல் லிஸ்பனில் அச்சானது. கிறிஸ்தவ சமயப் போதனை நூல். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் 1578-ல்தான் கொல்லத்தில் வெளிவந்தது. நாம் சொல்லும் ஜன்னல், மேசை, சாவி, அலமாரி எல்லாம் போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொற்களே. மலாய்க்காரர் சொல்லும் ஜெண்டேலாவும் மேஜாவும் அதே வீட்டுப் பிள்ளைகள்தாம்.

சாப்பாட்டுக் கவலையும் குறைவு. ஐரோப்பாவிலேயே தலைக்கு அதிகம் சோறு சாப்பிடுகிறவர்கள் போர்த்துகீசியர்கள். உப்பிட்டுக் காயவைத்த பெரிய மீன் அவர்களுக்கு உயிர், பக்கல்யாவு என்பார்கள். சந்தையில் அந்த வாசனை வந்தால் நம் கருவாட்டுக் கடை ஞாபகம் வரும். ஜூன் மாதம் புனித அந்தோணியார் திருவிழாவில் தெருவெல்லாம் மத்தி மீன் சுடுவார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ‘வாக்கா’ என்ற சொல்லைக் கண்டால் தவிர்க்கவும். ‘ஃப்ராங்கு’ என்றால் கோழி. சைவச் சகோதரிகளுக்கும் வழி உண்டு. மொசாம்பிக் 1975-ல் சுதந்திரம் பெற்ற காலத்தையொட்டி அங்கிருந்து வந்து குடியேறிய குஜராத்திக் குடும்பங்கள் லிஸ்பனில் ராதா கிருஷ்ணன் கோயில் கட்டியிருக்கிறார்கள்.

ஜூலையில் பகல் வெப்பம் சாதாரணமாக 28 பாகை அளவில். மாலையில் அட்லாண்டிக் கடற்காற்று வீசும். இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பியப் பள்ளிகளுக்கு விடுமுறை என்பதால் கூட்டம் ஏறும். உங்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் இல்லையே. ஜூன் தொடக்கத்திலோ செப்டம்பரிலோ போனால் அந்தப் பள்ளி விடுமுறைக் கூட்டத்தைத் தவிர்க்கலாம்.

இனி எச்சரிக்கைகள். லிஸ்பன் மேடு பள்ளமான ஊர். நடைபாதைக் கற்கள் வழவழப்பானவை. மழை பெய்தால் வழுக்கும். நல்ல ரப்பர் அடி வைத்த சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவருக்காக, 1755 நிலநடுக்கத்துக்குப் பின் நேர் நேராகக் கட்டிய பைஷா என்ற சமதளப் பகுதியிலோ சுரங்க ரயில் நிலையத்தின் அருகிலோ அறை எடுங்கள். விமான நிலையத்திலிருந்தே சுரங்க ரயில் உண்டு, டாக்சி தேவையில்லை. மஞ்சள் நிற 28-ஆம் எண் டிராம் வண்டியில் ஏறாமல் வரமாட்டீர்கள். ஆனால் கூட்டத்தில் பணப்பையை அடிக்கிறவர்களும் அதில்தான் ஏறுவார்கள். காலையிலேயே ஏறுங்கள், கைப்பையை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். உணவுக்கடையில் கேட்காமலே ரொட்டியும் ஒலிவப் பழமும் கொண்டு வந்து வைப்பார்கள். தொட்டால் காசு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் பிழையில்லை. 2024 செப்டம்பரிலிருந்து நகரவரி ஓர் இரவுக்கு ஆளுக்கு 4 யூரோ. ஐந்து பேர், ஆறு இரவு என்றால் 120 யூரோ. இதையெல்லாம் இப்போதே கணக்கில் எழுதிவிடுங்கள்.

மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் சுற்றுலாவுக்குப் போய் 180 நாளில் 90 நாள்வரை விசா இல்லாமல் தங்கலாம். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் படமும் எடுக்கும் முறை வந்திருக்கிறது. விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் வாங்குமுன் பிள்ளைகளை விட்டுத் தூதரக அறிவிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கடப்பிதழின் காலம் முடியப் போகிறதா என்றும் பாருங்கள்.

அங்கே போனதும் ஐந்து பேரும் சமமாகப் போட்ட பணத்தை ஒரே பையில் வையுங்கள். சாப்பாடு, வண்டி, டிக்கெட் எல்லாம் அந்தப் பையிலிருந்துதான். பையை யாரிடம் கொடுப்பது? என்னைக் கேட்டால், அந்த ஐந்தாவது தோழியிடம் கொடுங்கள். சிறிய சம்பளத்தில் ஒரு குடும்பத்தையே கரை சேர்த்தவர் அவர். ஒரு யூரோகூட வீணாகாது. கையில் பை இருப்பவருக்குத் தலைவலியும் வராது.

சீட்டைப் பிரித்துப் பார்க்கும்போது, குறைந்த தொகை ஐரோப்பாவுக்கு எட்டவில்லை என்றால்? மனம் தளர வேண்டாம். இந்த வருடம் ஐந்து பேரும் மலாக்காவுக்குப் போய் அந்த மரக்கப்பலின் மேல்தட்டில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு வருடம் சேர்த்து, அது புறப்பட்ட துறைக்குப் போகலாம். லிஸ்பன் எங்கேயும் ஓடிவிடாது. நாலு பேர் பாரிஸுக்குப் போய், ஒருத்தி லயத்திலேயே தங்கிவிட்டால் அதற்குப் பெயர் தோழிகள் பயணமல்ல.

சீட்டைப் பிரித்த பிறகு எனக்கு எழுதுங்கள், சகோதரி. தொகையை எழுத வேண்டாம். ஐந்து பேரும் போகிறீர்களா என்பதை மட்டும் எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.

அன்புடன்,
அக்கா