வாழவில்லை, நடித்தார்

நடிப்பைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டே அதை அவமதிக்க ஒரு வாக்கியம் உண்டு: 'நடிக்கவில்லை, வாழ்ந்துவிட்டார்.' 2024 ஆகஸ்டில் தமது 94-ஆவது வயதில் மறைந்த அமெரிக்க நடிகை ஜீனா ரோலண்ட்ஸ் அளவுக்கு இந்த வாக்கியத்துக்குப் பலியானவர் குறைவு. கணவர் ஜான் கசாவெட்டிஸின் படைப்புக்குத் தூண்டுகோல்; காமிராவின் முன் தன்னையே திறந்து வைத்தவர்; அந்தந்தக் கணத்தில் தோன்றியதைச் செய்தவர். புகழுரைகள் இப்படியே போகின்றன. சிருஷ்டித்தவர் என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாம் அவருக்குக் கிடைத்துவிட்டது.

இந்தப் பேச்சுக்கு ஆதாரம் மெலிந்தது. கசாவெட்டிஸின் முதல் படமான 'ஷாடோஸ்' (1959), தான் முன்கூட்டி எழுதப்படாமல் உருவான படம் என்று முடிவில் அறிவித்துக்கொள்கிறது. அந்த ஒரு அறிவிப்பைப் பிடித்துக்கொண்டு பிந்திய படங்களையும் அளக்கிறார்கள். 'ஃபேசஸ்' (1968), 'எ உமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' (1974) எல்லாம் எழுதப்பட்ட பிரதிகள். பின்னது முதலில் நாடகமாக எழுதப்பட்டது. அப்படியொரு பாத்திரத்தை ஒவ்வொரு இரவும் மேடையில் தாங்க முடியாது என்று ரோலண்ட்ஸ் சொன்ன பிறகே அது சினிமாவாயிற்று. சும்மா 'வாழ்கிற' ஒருவருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. உடலையும் குரலையும் எவ்வளவு, எத்தனை நாள் செலவழிக்கலாம் என்று அறிந்த தொழில்காரிக்குத்தான் தெரியும்.

அந்தப் படத்தையே பாருங்கள். மேபல், ஒரு கட்டுமானத் தொழிலாளியின் மனைவி. இரவு வேலை முடிந்து கணவன் அழைத்துவந்த கும்பலுக்குக் காலையில் ஸ்பகெட்டி சமைத்துப் போடுகிறாள். அவர்களில் ஒருவனை நடனமாடக் கூப்பிடுகிறாள். உபசாரம் எந்த இடத்தில் எல்லை தாண்டிற்று என்று மேசையைச் சுற்றியிருப்பவர்களுக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. கட்டைவிரல் வெட்டி இழுப்பதும், உதட்டைப் பிதுக்கிச் சத்தமெழுப்புவதும் முதல் பாதியில் தாராளமாக வருகின்றன. 6 மாதம் மனநல மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறவளிடம் அவை இல்லை. 'பழையபடி இரு' என்று கணவனே கெஞ்ச வேண்டியிருக்கிறது. முன்னே கொட்டியதைப் பின்னே நிறுத்தி, அந்த இன்மையை நம்மைப் பதறவைக்கும்படி செய்வது ஆவேசமல்ல, கட்டுமானம். அதைக் கட்டியவர் ரோலண்ட்ஸ்.

'ஓபனிங் நைட்' (1977) இந்த விவகாரத்தைப் பற்றிய படமே. வயதாகும் பெண்ணாக நடிக்க வந்த மிர்ட்டில் கார்டனிடம், அந்தப் பெண் நீதான் என்று எல்லோரும் வற்புறுத்துகிறார்கள். அவள் மறுக்கிறாள். 1978-இல் பெர்லின் விழா அந்த நடிப்புக்குப் பரிசளித்தது. விமர்சகர்களோ மிர்ட்டிலை வற்புறுத்திய கூட்டத்தோடு போய் நின்றுகொண்டார்கள்.

கசாவெட்டிஸ் இல்லாவிட்டால் ரோலண்ட்ஸ் ஏது என்று கேட்பார்கள். டெலிவிஷன் என்றாலே முகம் சுளிக்கிறவர்களின் கேள்வி இது. 1985-இல் என்பிசி ஒளிபரப்பிய 'ஆன் எர்லி ஃப்ராஸ்ட்' படத்தில், எய்ட்ஸ் நோயோடு வீடு வரும் மகனின் தாய் அவர். மற்றவர்கள் ஒதுங்கும் வீட்டில் ஒதுங்காமல் நிற்கிறாள். மேபலின் விரல்களோ உதடுகளோ அங்கே கிடையாது. 1987-இல் 'தி பெட்டி ஃபோர்ட் ஸ்டோரி'க்கு எம்மி பரிசு வந்தது. அதிலும் கணவரின் காமிரா இல்லை. அவர் 1989-இல் இறந்த பிறகு 3 எம்மிகள் வந்தன. 1974, 1980 படங்களுக்காகப் பரிந்துரைத்தும் கொடுக்காமல் விட்ட ஆஸ்காரை, 2015-இல் கௌரவப் பரிசாகக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

கசாவெட்டிஸ் எழுதினார், இயக்கினார். அதை யாரும் மறுக்கவில்லை. எழுத்தும் இயக்கமும் உழைப்பென்றால், நடிப்பு மட்டும் எப்படிச் சுபாவமாகிவிடும்? ஆண் செய்தால் கலை, பெண் செய்தால் இயல்பு என்கிற பழைய கணக்குத்தான் இது. புகழ விரும்புகிறவர்கள் முதலில் இந்தத் திருட்டை நிறுத்தட்டும்.