பாதியில் நிற்கும் பின்னலுக்கும் ஒரு முதிர்வு நாள்

கார்த்திகை பிறந்து பெங்களூரின் மாலைக் காற்றில் குளிர் ஏறத் தொடங்கியதும், பல வீடுகளில் பரண்மேல் இருக்கும் பெட்டியொன்று கீழே இறங்குகிறது. அதனுள் கைப்பகுதி மட்டும் எஞ்சிய ஸ்வெட்டர் ஒன்று, பாதி பின்னிய மஃப்ளர் ஒன்று, ஓரம் முடியாத மேசை விரிப்பு ஒன்று, வட்டச் சட்டத்தோடு அப்படியே வைத்துவிட்ட பூத்தையல் ஒன்று. “ஒன்றையாவது முடித்ததுண்டா?” என்று வீட்டார் கேட்காமல் இருப்பதில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்னும் பழமொழியும் உடன் வரும்.

இக்கேள்வியில் நியாயம் பாதிதான் உண்டு என்பது நம் கருத்து. ஒரே காலத்தில் பல வேலைகளைக் கையில் வைத்திருப்பது குற்றமன்று. அவற்றுக்குக் கணக்கு இல்லாதிருப்பதே குறை.

ஊசி வேலைகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. தார்வாடப் பகுதியின் கசூதியை எடுத்துக்கொள்வோம். துணியின் இழைகளை எண்ணியே அதில் ஊசி செல்ல வேண்டும். ‘கவந்தி’ என்னும் தையலில் ஊசி இடைவெளி விட்டு முன்னே சென்று, அதே வழியில் திரும்பி வந்து அவ்விடைவெளிகளை நிரப்புகிறது. முடிச்சு இடுவதில்லை, இருபுறமும் ஒன்றுபோலத் தோன்றும். போகும்போது ஓரிழை தவறினாலும் திரும்பும்போது கோலம் பொருந்தாது. இதற்குப் பகல் வெளிச்சமும் சிதறாத மனமும் வேண்டும். நேர்ப் பின்னலாகச் செல்லும் மஃப்ளருக்கோ இவை வேண்டா. உரையாடிக்கொண்டே நான்கு வரி ஏற்றிவிடலாம். ஆகவே காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, வெளியே எடுத்துச் செல்ல ஒன்று என வைத்திருப்பவர், வீணாகப் போகும் நேரத்தைச் சேமிக்கிறார். வேலை மாறும்போது கண்ணுக்கும் மணிக்கட்டுக்கும் சற்று ஓய்வும் கிடைக்கிறது.

நம் கிளைக்கு ஓய்வூதியம் பெற வரும் மூதாட்டி ஒருவர், டோக்கன் எண் அழைக்கப்படும்வரை பின்னிக்கொண்டிருப்பார். ஒருமுறை அதுபற்றிக் கேட்டோம். “இது காத்திருக்கிற நேரத்து வேலை, தம்பி. கண்ணுக்கு வேலை வைக்கிறது வீட்டுல இருக்கு” என்றார். பின்னர் சற்றுத் தயங்கி, “பெரிய பேரனுக்குன்னு ஆரம்பிச்ச ஸ்வெட்டர் முடியறதுக்குள்ள அவன் வளர்ந்துட்டான். அப்புறம் பொறந்த தங்கச்சிதான் போட்டுக்கிட்டா. அதிலிருந்து எல்லாத்தையும் நோட்டுல எழுதி வைக்கிறேன்” என்றார். அச்சிறு குறிப்பேட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம். ஊசி எண், முடிந்த வரிகள், யாருக்கு, எந்த நாளுக்குள் என ஒரு பேரேட்டுக்கு வேண்டியவை எல்லாம் அதில் இருந்தன.

முடிவுறாத உற்பத்தியை இருப்புநிலைக் குறிப்பின் சொத்துப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று வணிகவியல் வகுப்பில் பயின்றோம். அது சொத்துதான், நூலுக்குக் கொடுத்த பணமும் செலவழித்த மாலைப்பொழுதுகளும் அதில் அடங்கியுள்ளன. ஆயினும் முடியும்வரை அதை உடுத்தவும் இயலாது, விற்கவும் இயலாது. வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துத் தைக்கும் பெண்களுக்கு இது பிழைப்பைத் தொடும் செய்தி. நான்கு ஆர்டர்களைப் பாதிப்பாதி முடித்தவருக்கு மாத இறுதியில் கூலி இல்லை. இரண்டை முழுதாக முடித்தவருக்கு உண்டு. இருவரின் உழைப்பும் ஒரே அளவுதான்.

எனவே நாம் சொல்வது இது. முதலில், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முதிர்வு நாள் குறியுங்கள். குழந்தையின் ஸ்வெட்டருக்குக் கெடு உண்டு. மேசை விரிப்பு காத்திருக்கும். அடுத்து, தொடர் வைப்புத் தவணைபோல் சிறு அளவை நிர்ணயுங்கள். 240 வரிகள் கொண்ட மஃப்ளருக்கு நாளொன்றுக்கு 4 வரி என்றால் 60 நாள். கார்த்திகையில் தொடங்கினால் பொங்கலையொட்டி முடியும். ஒரு வேலைக்கான நூல் முழுவதையும் ஒரே சாய எண்ணில், ஒரே முறையில் வாங்கிவிடுங்கள். பின்னாளில் சிக்கபேட்டைக்கு மீண்டும் சென்றால் அதே நிறம் கிட்டும் என்பதற்கு உறுதியில்லை. எடுத்து வைக்கும்போது வரியை முடித்து வையுங்கள். பூத்தையலாயின் சட்டத்தையும் ஊசியையும் கழற்றிவிடுங்கள். இல்லையேல் தழும்பும் துருக்கறையும் தங்கிவிடும். ஒன்று முடிந்தாலன்றிப் புதியது தொடங்குவதில்லை என்பது இறுதி விதி.

சிறு பகுதிகளை முடித்து முடித்துச் சேர்ப்பதன் வலிமைக்குச் சான்றுகள் அருகிலேயே உள்ளன. ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் காட்சிப்படுத்திய குரோஷே போர்வை 11,148.5 சதுர மீட்டர் பரப்புடையது. கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. 2023 ஜூலையில் ஹம்பியில் ஜி-20 கூட்டத்தையொட்டி, சண்டூர் குசல கலா கேந்திரத்தைச் சார்ந்த 450-க்கும் மேற்பட்ட லம்பானிப் பெண்களின் 1,755 கைவினைப் பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டு அவ்வாறே சாதனையாயின. அவை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் அமர்ந்து முடித்திருக்கிறார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெட்டியையும் இறக்கிப் பாருங்கள். முடிக்க வேண்டியவற்றுக்கு நாள் குறியுங்கள். இனி முடிக்க மனமில்லாத பின்னலைத் தயங்காது பிரித்துவிடுங்கள். முதிர்வுக்கு முன் வைப்புக் கணக்கை மூடுவதுபோல் அதில் சிறு இழப்பு உண்டு. ஆயினும் நூல் கைக்குத் திரும்பும், அடுத்த குளிருக்குள் அது வேறொருவர் தோளை மூடும்.