மாதிரி என்ஜினும் மறந்த தொழிலும்

மாதிரி இருப்புப்பாதை அமைத்து, அதன்மீது சிறு வண்டிகளை ஓட்டி மகிழ்வாரைச் சிறுபிள்ளைகளென நகைப்பார் உளர். அந்நகைப்புக்கு யாம் உடன்படோம். ஆயின் அவர்களுட் பலர் அதிவிரைவு என்ஜின்களையே விரும்பி, ஏவற்றொழில் புரிந்த சிறு என்ஜின்களை மதியாது விடுவது எமக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது. ஆதலின், இங்கிலாந்து தேசத்து ஹார்ன்பி கம்பெனியார் ‘ரஸ்டன் 48 டி.எஸ்.’ என்னும் டீசல் ஷண்டிங் என்ஜினை 76-இல் ஒரு பங்களவாகச் செய்து விற்பனைக்குக் கொணர்ந்ததை மெச்சுகிறோம்.

மூல யந்திரத்தை லிங்கன் நகரத்து ரஸ்டன் அண்டு ஹார்ன்ஸ்பி தொழிற்சாலையார் 1941 முதல் ஏறக்குறைய கால் நூற்றாண்டு செய்துவந்தனர். (பெயரொலி ஒத்திருப்பினும் ஹார்ன்பி வேறு, ஹார்ன்ஸ்பி வேறு.) 48 என்பது அதன் குதிரைச் சக்தி. சக்கரங்கள் நான்கே, பைசிக்கிளிற்போலச் சங்கிலியே அவற்றைச் சுழற்றும். நீராவி என்ஜினுக்கு விடியுமுன்னரே நெருப்பு மூட்டிக் காத்திருத்தல் வேண்டும். இதுவோ வேண்டும்போது புறப்படும், வேலை ஒழிந்தால் எண்ணெய்ச் செலவின்றி நிற்கும். இதனாலன்றோ தொழிற்சாலைகள் இதனை விரும்பி வாங்கின! பிரயாணிகளை இழுக்காத இதற்குக் கால அட்டவணையிலே இடமில்லை. மதிலுக்குள்ளே உழைத்தது, ஆலைகள் மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டபோது பலவிடங்களில் அவ்வுழைப்பின் சுவடும் உடன் மறைந்தது.

மாதிரியோடு சிறு தட்டை வாகனம் ஒன்று பிணைக்கப்பட்டுள்ளது. அதனைப் பொருந்தா ஒட்டு என்பார் கூற்றை யாம் ஏற்கோம். மாதிரி என்ஜின் தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தைச் சக்கர வழியே பெறுகிறது. நான்கே சக்கரமாயின் சிறு தூசியும் அதனை நிறுத்திவிடும். வாகனத்தின் சக்கரங்கள் அக்குறையைத் தீர்க்கின்றன. மேலும், பிரிட்டிஷ் ரெயில்வேயிலே உண்மையான சிறு ஷண்டிங் என்ஜின்கள் சிலவற்றுக்கும் இத்தகைய துணை வாகனம் பூட்டினர். குட்டையான அவ்வென்ஜின்கள், பாதையில் வண்டி நிற்பதைச் சிக்னல்காரருக்கு அறிவிக்கும் மின்சுற்றைத் தவறாமல் இயக்கமாட்டாமையே காரணம். பெரிதற்கு வந்த இடர்ப்பாடே சிறிதற்கும் வந்ததென்க.

குறைகூறுவார் பாதையையன்றோ நோக்கவேண்டும்! இவ்வளவுக்குத் தண்டவாள இடைவெளி 18.83 மில்லிமீட்டர் இருத்தல் முறை, இருப்பதோ 16.5. பழைய மோட்டார்கள் ஒல்லியான பிரிட்டிஷ் என்ஜினுக்குள் அடங்காமையால், உடலை மட்டும் பெருக்கிப் பாதையை அவ்வாறே விட்டனர். அவ்வழக்கம் இன்னும் நீங்கவில்லை. இதனைப் பொறுக்கும் அன்பர்கள் வெளிப்படையான ஒரு வாகனத்தைப் பொறாதது விந்தையே.

வாங்குவாரிடம் யாம் வேண்டுவது ஒன்று. என்ஜினைக் கண்ணாடிப் பேழையில் வையாது, சரக்குக் கொட்டகையும் எடைமேடையும் உள்ள ஆலைப்பாதை அமைத்து ஓட்டுங்கள். பக்கத்தே, நீண்ட கொக்கிக்கோலால் வண்டிகளைப் பிணைத்த தொழிலாளியின் உருவையும் நிறுத்துங்கள். அவன் உடையில் எண்ணெய்க்கறை தீட்ட மறவாதீர். புத்தாடை அவனுக்குப் பொருந்தாது.