மேட்ச் பார்க்கப் போற ஊர்ல சாப்பாட்டுல மிச்சம் பிடிக்காதீங்க!

மாசச் சம்பளக்காரன் வெளியூர் போய் புட்பால் பார்க்கலாமா? தாராளமா போகலாம். கணக்கைச் சரியா போடணும், அவ்வளவுதான்.

2018 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்துல ஐஎஸ்எல் பைனல். முந்தின நாள் ஒரகடத்துல செகண்ட் ஷிப்ட் முடிச்சு மூணு பேர் கிளம்பினோம். கோயம்பேடு பக்கமே போகலை, ஸ்ரீபெரும்புதூர்லயே பஸ். போகவர ராத்திரிப் பயணம், அதனால லாட்ஜ் செலவு இல்லை.

மதியம் ஒருத்தன் "டீயும் பன்னும் போதும்டா"ன்னான். அவன் கான்ட்ராக்ட், லீவு போட்டா அன்னிக்குச் சம்பளம் கட். உண்மையான பெரிய செலவு அதுதான், அதை யாரும் டிரிப் கணக்குல எழுதறதில்லை! அதை விட்டுட்டு சோத்துல கை வைக்கிறோம். விடாம ஒரு மிலிட்டரி ஹோட்டலுக்கு இழுத்துட்டுப் போனோம். ராகி முத்தே, மட்டன் குழம்பு. முத்தேன்னா வேற ஒண்ணுமில்லை, நம்ம கேப்பைக்களிதான். அவன் தர்மபுரிக்காரன். முதல் உருண்டையிலயே பேச்சை நிறுத்திட்டான். ரூம்ல தங்க ஆரம்பிச்சதுலேருந்து களியே சாப்பிடலையாம். மூணு பேருக்கும் சேர்த்து, ஸ்டேடியம் வாசல்ல ஒரு ஜெர்சிக்குக் கேட்ட விலைகூட ஆகலை.

மேட்ச்சா? சேத்ரி 9-வது நிமிஷமே கோல் போட்டார். ஆனா மெயில்சன் ரெண்டு, ரபேல் அகஸ்டோ ஒண்ணு. 3-2, கப் சென்னையினுக்கு. திரும்பி வர்ற பஸ்ல அவன் பேசினது மட்டும் குழம்பைப் பத்திதான்.